வாளிக்குள் நீலக்கொம்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்தால் பாதிக் கதை தெருவுக்குப் போய்விடும். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். பேய் வராது, ராஜா வரமாட்டார். ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு வாளியும்தான் வரும். கேட்டு முடிக்கும்போது உங்கள் காது மடல் லேசாகச் சுட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

பல் செட் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். பல் பிடுங்குகிறவர் இல்லை. பிடுங்கிய இடத்தில் மாட்டிக்கொள்ளப் பல் செய்து கொடுக்கிறவர். ஊரே அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. அவர் கட்டிய செட்டை மாட்டிக்கொண்டு சிரித்தால் எது கூடப் பிறந்த பல், எது செய்து வைத்த பல் என்று சிரிக்கிறவருக்கே மறந்துவிடும். பசை பிதுங்காது. விளிம்பு தெரியாது. ஒட்டிய இடத்தை விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கைநேர்த்தியில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

வீட்டில் அவர் ஒரு கடல்தொட்டி வைத்திருந்தார். கூடத்தில் சோபா இருக்கவேண்டிய சுவரை அது பிடித்துக்கொண்டது. சோபா எதிர்ப்பக்கம் போய், கதவைப் பாதி மறித்துக்கொண்டு கிடந்தது. வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். தொட்டியில் உப்புத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல், நடுவில் குன்று மாதிரி அடுக்கிய பாறை. பாறை முழுக்கப் பவளம். மோதிரத்தில் பதிக்கிற பவளம் என்று நினைத்துவிடாதீர்கள். இது உயிருள்ளது. பார்க்கச் செடி மாதிரி, தொட்டால் கல் மாதிரி, உண்மையில் வாயும் வயிறும் உள்ள பிராணி. விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டிப் பாறையில் ஒட்டிவிட்டால் பற்றிக்கொண்டு வளரும்.

பவளம் வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால், அதில் ஒரு துண்டை வெட்டி நம்பிக்கையான ஆளிடம் சும்மா கொடுத்து வைப்பார்கள். ஏனென்றால் கடல்தொட்டியை நம்பவே முடியாது. சூடேற்றுகிற கருவி ஒன்று மக்கர் செய்தால் போதும், வருஷக்கணக்கில் வளர்த்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும். அப்படிப் போனாலும், கொடுத்து வைத்த வீட்டில் அது உயிரோடு இருக்கும். கேட்டால் ஒரு துண்டு திரும்ப வரும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. வாய்வார்த்தைதான்.

நம் பல்லுக்காரரிடம் அப்படிக் கொடுத்து வைத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடுகளவு திருகாணியைக் கை நடுங்காமல் முடுக்குகிற மனிதர். அவர் கொடுத்தது மான்கொம்பு மாதிரி கிளைவிடும் ஒரு நீலப் பவளம். அடியில் ஊதா, மேலே போகப்போக நீலம், ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிச்சம் ஏற்றிவைத்த மாதிரி ஒரு வெளுப்பு. குடும்பத்தில் அதற்கு நீலக்கொம்பு என்று பேர்.

வந்தபோது சுண்டுவிரல் அளவுதான். பல்லுக்காரர் அதைக் குன்றின் உச்சியில் ஒட்டினார். அடியில் ஒரு துளி பசை, அதன்மேல் பிசைந்த ஒட்டுமாவு, மறுபடி ஒரு துளி பசை. அழுத்திப் பிடித்து, மாவின் ஓரத்தைப் பாறையின் மேடுபள்ளத்தோடு இழைத்துவிட்டார். மறுவாரம் பார்த்தால் அது அங்கேயே முளைத்த மாதிரி இருந்தது. நாளாக ஆக, அடியில் நீலத்தோல் மெழுகு வழிந்த மாதிரி பாறைமேல் பரவியது. மேலே கிளை கிளையாகப் புதர் கட்டியது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"அடேயப்பா, இது என்னங்க இவ்வளவு அழகா இருக்கு" என்பார்கள்.

பல்லுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி சொல்லிவிடுவாள்: "எங்கண்ணன் கொடுத்தது."

கொடுத்தது அண்ணன்தான், மறுக்க முடியுமா? ஆனால் பார்த்துப் பார்த்து ஒட்டியவர் யார், தண்ணீர் மாற்றியவர் யார், விடுமுறைக்குக்கூடப் போகாமல் காவல் காத்தவர் யார்? பல்லுக்காரருக்கு அந்த ஒரு வாக்கியம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தும். வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் சின்னத்தனம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மச்சானிடமிருந்து போன் வந்தது. அவர் குரலே சரியில்லை.

"மாப்பிள்ளை, என் தொட்டி போச்சு. கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஹீட்டர் நிக்காம ஓடியிருக்கு. தண்ணி கொதிக்கிற மாதிரி ஆகி, எல்லாமே வெந்துபோச்சு. ஒண்ணு மிச்சமில்லை."

"ஐயோ, மச்சான்."

"விடுங்க. போனது போச்சு. நீலக்கொம்பு உங்ககிட்ட இருக்குதானே?"

பல்லுக்காரர் தொட்டியைப் பார்த்தார். குன்றின் உச்சியில் நீலக்கொம்பு தண்ணீர் ஓட்டத்தில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அவர் மனக்கண் தானாகவே ஒரு வெட்டுக்குறட்டை எடுத்து அதன் இடப்பக்கக் கிளையில் வைத்து வெட்டிப் பார்த்தது. ஒரு பக்கம் மொட்டையாகும். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வளர்த்த உருவம் கெட்டுவிடும். அவ்வளவுதான் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"அதுவும் போயிடுச்சு மச்சான். போன மாசமே."

"அடடா. உங்களுக்குமா? சொல்லவே இல்லையே மாப்பிள்ளை. அதை மனசுல வச்சுக்கிட்டுத் தனியாவா கஷ்டப்பட்டுட்டிருந்தீங்க?"

பல்லுக்காரர் ஏதோ மென்று விழுங்கி, பேச்சை மழுப்பி, போனை வைத்தார். திரும்பினால், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையில் பாதி மடித்த சட்டையோடு நிற்கிறாள்.

"போன மாசமே போயிடுச்சா? அப்போ நான் இப்போ பார்த்துக்கிட்டு நிக்கிறது என்னதுங்க, அதோட ஆவியா?"

"மெதுவாப் பேசு."

"ஏன், அதுக்குக் கேட்டுடுமா?"

"ஒரு மாசம் போகட்டும். வேற இடத்துல ஒரு துண்டு கிடைச்சுதுன்னு சொல்லி நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

"எங்கண்ணன் கொடுத்ததையே எங்கண்ணனுக்குப் பரிசாக் கொடுக்கப் போறீங்க. அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கணும்." சட்டையை மடித்து முடித்து, பட்டென்று அடுக்கின் மேல் போட்டாள். "உங்க சாமர்த்தியத்துல என்னைச் சேர்க்காதீங்க, ஆமா."

அன்றிலிருந்து அவர் தொட்டியின் பக்கம் போனாலே நீலக்கொம்பைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார். அதைப் பார்த்தால் அது தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரம், மறுபடி மச்சானின் போன்.

"மாப்பிள்ளை, வீட்லதானே இருக்கீங்க? உங்க தெருமுனைக் கடையில தண்ணி வாங்கிட்டிருக்கேன். இதோ வந்துடறேன். உங்களுக்குக் கொஞ்சம் பவளம் வாங்கிட்டு வந்திருக்கேன். நீங்க மனசு விட்டுப்போய்த் தொட்டியைக் கலைச்சுடப் போறீங்களேன்னு எனக்கு ஒரே பயம்."

பல்லுக்காரர் பேயறைந்தவர் மாதிரி எழுந்தார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். மூடி வைக்கலாமா என்று பார்த்தார். தொட்டியை எதைப் போட்டு மூடுவது? விளக்கை அணைக்கலாமா? மச்சான் வருவதே தொட்டியைப் பார்க்கத்தான். கடைசியில் வெட்டுக்குறட்டை எடுத்தார். சட்டைக் கையை மடிக்கக்கூட நேரமில்லை. தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, நீலக்கொம்பின் அடித்தண்டில் குறட்டை வைத்து அழுத்தினார். ணங்கென்று ஒரு சத்தம். அத்தனை அழகாக ஒட்டியது, இத்தனை நாள் வேர் பிடித்தது, கையோடு வந்துவிட்டது.

தண்ணீருக்கு வெளியே வந்ததும் அதிலிருந்து கொழகொழவென்று ஒரு சளி வழிந்தது. கூடமெல்லாம் கடல் நாற்றம். தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, அதற்குள் நீலக்கொம்பைப் போட்டு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். முழங்கையிலிருந்து தரையெல்லாம் சொட்டு.

மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். அவ்வளவுதான். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

மச்சான் ஒருக்களித்து உள்ளே வந்தார். கையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி.

"என்ன மாப்பிள்ளை, நனைஞ்சு நிக்கிறீங்க? தொட்டிக்குள்ளயே குடிபோயிட்டீங்களா?"

"சும்மா, சுத்தம் பண்ணிட்டிருந்தேன் மச்சான்."

பெட்டியைத் திறந்தார். தண்ணீர் கட்டிய மூன்று பைகள், ஒவ்வொன்றிலும் சின்ன வட்டக் கல்வில்லையில் ஒட்டிய ஒரு பவளத் துண்டு. ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று ஊதா விளிம்பு கட்டிய தட்டு மாதிரி. பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டார். உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டுமே.

"உங்க தொட்டி காலியா இருக்கிறப்போ எனக்கு எதுக்கு மச்சான்?"

"என் தொட்டியில இப்போ எதை வைக்க முடியும்? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுலயாவது நல்லா இருக்கட்டும்." மச்சான் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கையில எண்ணெய் இருக்கும். கழுவிட்டு வந்துடறேன்." குளியலறைப் பக்கம் திரும்பினார்.

பல்லுக்காரர் அவசரமாக ஒரு அடி முன்னால் வைத்தார். அப்போது மனைவியின் குரல் வந்தது.

"அங்கே துணி ஊறப்போட்டிருக்கேண்ணா. சமையல்கட்டுலயே கழுவிக்கோ."

"சரிம்மா."

அண்ணன் சமையல்கட்டுக்குப் போனார். அவள் கணவனைப் பார்த்தாள். சண்டைக்காரப் பார்வையாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் பொய் சொல்லாதவள், இப்போதுதான் முதல் பொய்யைச் சொல்லிவிட்டு, அது வாய்க்குள் எப்படி இருக்கிறது என்று புரியாமல் நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலை ஆரம்பித்தது. மச்சான் பைகளைப் பிரித்து, பவளங்களைப் பழுப்பு மருந்து கலந்த கிண்ணத்தில் போட்டு மெல்ல அலசினார். ஒளிந்து வருகிற பூச்சிகள் அதில் விழுந்துவிடும். குறட்டால் வில்லைகளை வெட்டி எடுத்தார். பல்லுக்காரர் தண்ணீரை ஓடவிடுகிற பம்பை நிறுத்தினார். வீட்டில் எப்போதும் இருக்கிற அந்த ரீங்காரம் நின்றதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், குளியலறையில் தண்ணீர் அளைகிற சத்தம்கூடக் கேட்டது.

"மாவைப் பிசைஞ்சு வைங்க மாப்பிள்ளை. ஒட்டுறது உங்க கைதான். அந்த நேர்த்தி எனக்கு வராது. எந்த இடம்னு மட்டும் பார்க்கிறேன்."

மச்சான் கையை உள்ளே விட்டார். பாறையைத் தடவிக்கொண்டே குன்றின் உச்சிக்கு வந்தார். விரல் அங்கே நின்றது. கையை வெளியே எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, போட்டுக்கொண்டு, கண்ணாடிச் சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

பவளம் செத்து ஒரு மாதம் ஆனால் அடித்தண்டு எப்படி இருக்கும்? பாசி படிந்து, பச்சையும் பழுப்புமாக, பாறையோடு பாறையாகக் கிடக்கும். இந்தத் தண்டோ பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, பல்லுக்காரர் அப்போதுதான் கடைந்து முடித்த பல் மாதிரி. அதைச் சுற்றிப் பாறைமேல் நீலத்தோல் ஈரமாக, உயிரோடு பரவியிருந்தது. பொய் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

"எப்போ போச்சுன்னு சொன்னீங்க மாப்பிள்ளை?"

"போன மாசம்."

"ம்."

மச்சான் தொட்டியை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகப் பேசினார்.

"ஒரு நல்ல சேதி. அடியில இன்னும் உயிர் இருக்கு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. சில சமயம் மேலே போனாலும் அடி பிழைச்சுக்கும். இந்த இடத்துல வேற எதையும் ஒட்டாதீங்க. சும்மா விட்டுடுங்க, தானா எழுந்து வரும்."

இதைச் சொல்லும்போது அவர் பல்லுக்காரரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டால் இந்த மனிதன் எங்கே போய் ஒளிவான் என்று, பார்வையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டார்.

கண்ணுகளா, திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். குத்திக்காட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். வெளியே போக ஒரு கதவைத் திறந்துவைத்து, நான் பார்க்கவில்லை, நீ போய்க்கொள் என்று ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? பல்லுக்காரர் அந்தக் கதவு வழியாகத்தான் போனார். வெட்கக்கேடு, போனார்.

"ஆமா மச்சான். கவனிக்கலை."

சொன்ன பிறகுதான் உடம்பு கூசியது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி. கையில் மாவு இருந்தது. பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே நின்றார். மச்சான் பச்சைத் துண்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"மாப்பிள்ளை, மாவு இறுகிப்போச்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். உள்ளங்கைக்குள் அது கல்லாகியிருந்தது, அவருடைய ரேகையெல்லாம் பதிந்து. இத்தனை வருஷத்தில் அவர் கையில் மாவு இறுகியதே இல்லை.

குளியலறையில் தண்ணீர் அளைகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.

"ஒரு நிமிஷம் மச்சான்" என்றார்.

கதவைத் தள்ளினார். மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். துண்டு தரையில் கிடந்தது. அவள் முழங்கைவரை கையை வாளிக்குள் விட்டு, நீலக்கொம்பைத் தொடாமல், அதைச் சுற்றித் தண்ணீரை மட்டும் வட்டமாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். பம்ப் செய்கிற வேலையை அத்தனை நேரமும் அவள் கை செய்துகொண்டிருந்தது. விரல்நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது.

"சில்லுன்னு ஆயிடுச்சுங்க" என்றாள், நிமிராமல். "சுடுதண்ணி ஊத்தலாமா கூடாதான்னு தெரியலை. கேட்கலாம்னா, யார்கிட்டப் போய்க் கேட்கிறது?"

அவர் குனிந்து வாளியைத் தூக்கினார். கூடத்துக்குக் கொண்டுவந்து மச்சானின் காலடியில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர முடியவில்லை. வாளியின் கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.

மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் கொடுங்கன்னு கேட்கவே இல்லையே மாப்பிள்ளை" என்றார். "இருக்கான்னுதானே கேட்டேன். எங்கேயோ ஒரு இடத்துல உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்குத் தூங்கியிருப்பேன். அதுக்குத்தான் போன் பண்ணினேன். கொடுத்தாலும் நான் எங்கே வச்சுக்குவேன், என் தொட்டியில ஒரு நத்தைகூட இப்போ வாழாது."

பல்லுக்காரர் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழகு கெட்டுடும்னு தோணிச்சு மச்சான். வாய்ல வந்துடுச்சு. வந்ததைத் திரும்ப எடுக்கத் தெரியலை. இப்போகூட, நீங்க அவ்வளவு சொல்லியும்..."

"தண்ணி ஆறிப்போயிருக்கு. முதல்ல இதை ஒட்டுங்க."

புது மாவு எடுத்தார். பழைய இடத்திலேயே, வெள்ளைத் தண்டின் மேல், பசை, மாவு, பசை. அழுத்தியபோது மாவு ஒரு பக்கம் பிதுங்கியது. இழைத்துவிடப் பார்த்தார், விரல் அடையாளம்தான் ஆழமாக விழுந்தது. நீலக்கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மறுபடி எடுத்து நேராக்கக் கை போனது.

"வேண்டாம். இனிமே தொடாதீங்க. ரொம்ப அலைக்கழிச்சாச்சு" என்றார் மச்சான்.

இரண்டு நுனிகள் நிறம் இழந்து போயிருந்தன. பிழைக்குமா என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. வாரங்கள் போனால்தான் தெரியும். மூன்று புதுத் துண்டுகளையும் மச்சானே ஒட்டினார், அளவாக இடம் விட்டு. பம்பைப் போட்டார்கள். தங்கை டீ கொண்டுவந்தாள். மச்சான் பாதி குடித்தார். அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "துணி ஊறுதா?" என்றார். அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மச்சான் திரும்பினார்.

"மாப்பிள்ளை, என் தொட்டி தயாரானதும் வந்து ஒரு துண்டு கேட்பேன். தருவீங்களா?"

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்த வீட்டில் எதையும் "தருவீங்களா" என்று கேட்டதில்லை. கேட்கவேண்டி இருந்ததில்லை.

"தரேன் மச்சான்."

"சரி" என்றார். படியிறங்கிப் போனார். பல்லுக்காரர் கதவைச் சாத்தாமல், அவர் தெரு திரும்புகிறவரை தலை கவிழ்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. எழுந்து போங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டில் கொடுத்து வைத்ததெல்லாம் உயிரோடு இருக்கட்டும். கேட்டு வருகிறவர் கேட்பதற்கு முன்பே உங்கள் கை நீளட்டும். அப்படியே ஒரு நாள் நாக்கு புரண்டுவிட்டாலும், வாளித் தண்ணீர் முழுக்க ஆறிப்போவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு வர உங்கள் கைகளுக்கு வலு இருக்கட்டும். கூடப் பிறந்தவர்களும் கொண்டவர்களும் கொடுத்தவர்களும் உங்கள் வாசலுக்கு வந்துபோய்க்கொண்டே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.